ஏபிலிட்டியா, இபிலிட்டியா: ஓர் உயிரெழுத்தின் பூர்வீகம்

எலிஜிபிலிட்டி, அவைலபிலிட்டி, லயபிலிட்டி, ரெஸ்பான்சிபிலிட்டி. அலுவலகத் தமிழில் நாள் முழுக்கப் புழங்கும் சொற்கள். காதுக்கு எல்லாவற்றின் வாலும் ஒன்றுதான். எழுதும்போதுதான் சிக்கல். பி எழுத்துக்கு முன்னால் வரவேண்டியது ஆங்கில ஏ எழுத்தா, ஐ எழுத்தா? அவைலபிலிட்டிக்கு ஏ, எலிஜிபிலிட்டிக்கு ஐ. கம்பேரபிலிட்டிக்கு ஏ, கம்பாட்டிபிலிட்டிக்கு ஐ. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் தடுமாறும் இடம் இது. அவர்கள் உச்சரிப்பில் அழுத்தம் முழுவதும் 'பிலிட்டி'யின் 'பி'யில் விழுகிறது. அதற்கு முந்தைய உயிர் மங்கிப்போய்விடுவதால் காதை நம்பி எழுத முடியாது.

மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை என்று பள்ளியில் சொல்வார்கள். அது பாதிதான் சரி. அந்த உயிரெழுத்துக்கு ஒரு பூர்வீகம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் மனப்பாடப் பட்டியல் வெகுவாகச் சுருங்கும்.

லத்தீனில் வினையடியோடு 'பிலிஸ்' என்ற பின்னொட்டைச் சேர்த்தால் 'அவ்வாறு செய்யத்தக்க' என்ற பொருளில் பெயரடை கிடைக்கும். அதோடு 'தாஸ்' சேர்ந்தால் 'பிலிதாஸ்' என முடியும் பண்புப்பெயர். இது பிரெஞ்சில் 'பிலித்தே' ஆகி, 14ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்குள் வந்து பிலிட்டி ஆனது. இந்த வரலாற்றில் ஏ, ஐ இரண்டுமே பின்னொட்டைச் சேர்ந்தவை அல்ல. அவை வினையடியின் சொத்து. லத்தீன் வினைகளை நான்கு வகுப்புகளாகப் பிரிப்பது வழக்கம். முதல் வகுப்பு வினைகள் 'ஆ' உயிரைக் கொண்டவை. 'சுமப்பது' என்பதற்கு 'போர்த்தாரே', அதிலிருந்து போர்ட்டபிள். மற்ற வகுப்புகளில் பின்னொட்டுக்கு முன்னால் பெரும்பாலும் 'இ' வரும். 'கேட்பது' என்பதற்கு 'அவுதீரே', அதிலிருந்து ஆடிபிள். 'நம்புவது' என்பதற்கு 'க்ரேதெரே', அதிலிருந்து கிரெடிபிள். ஆக, போர்ட்டபிலிட்டியில் ஏ இருப்பதும் கிரெடிபிலிட்டியில் ஐ இருப்பதும் ஆங்கிலத்தின் விருப்பப்படி நடந்ததல்ல. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய வினைவகுப்பு எழுத்தில் உறைந்து நிற்கிறது.

இடையில் பிரெஞ்சு குட்டையைக் குழப்பியது. அது பெரும்பாலான வினைகளுக்கு வகுப்பு பார்க்காமல் 'ஆப்ல்' என்ற ஒரே வடிவத்தைப் பொதுவாக்கிவிட்டது. ஆங்கிலம் சில சொற்களைப் பிரெஞ்சிடமிருந்தும் சிலவற்றை நேராக லத்தீன் ஏடுகளிலிருந்தும் எடுத்துக்கொண்டதால் இரண்டு எழுத்துமுறைகளும் கலந்துவிட்டன. ரெஸ்பான்சிபிள் நல்ல எடுத்துக்காட்டு. பிரெஞ்சிலும் ஸ்பானியத்திலும் இதே சொல்லை ஏ போட்டுத்தான் எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் ஐ. பிரெஞ்சு படித்தவர்கள் ஆங்கிலத்தில் இந்தச் சொல்லைத் தப்பாக எழுதுவதற்கு அவர்களைக் குறைசொல்ல முடியாது.

இன்னொரு குழப்பம் ஆங்கிலத்துக்குள்ளேயே நடந்தது. 'ஏபிள்' என்று தனிச்சொல் ஒன்று உண்டு. அது 'ஹாபிலிஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பின்னொட்டான ஏபிளுக்கும் அதற்கும் பிறப்பில் உறவில்லை. அந்த 'ஹாபிலிஸ்' இன்றும் ஹெச் எழுத்தோடு ரீஹேபிலிட்டேஷனில் உட்கார்ந்திருக்கிறது. ஆனாலும் பேசுகிறவர்கள் இரண்டையும் ஒன்றாகவே கருதிவிட்டார்கள். அதனால் ரீட், டிரிங்க், வாஷ் போன்ற சுத்தமான ஆங்கில வினைகளோடும் ஏபிள் தாராளமாக ஒட்டிக்கொண்டது. ஐ போட்ட வடிவத்துக்கு அந்த வாழ்வு கிடைக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் உருவான கொலாப்சிபிள் போன்ற சில சொற்களோடு அதன் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிட்டது. இன்று புதிதாக உருவாகும் சொல் எதுவானாலும், ஸ்கேலபிலிட்டியோ டெஸ்டபிலிட்டியோ, கண்ணை மூடிக்கொண்டு ஏ போடலாம்.

எழுதும்போது சோதித்துப் பார்க்க

பலர் சொல்லும் முதல் சோதனை இது: பின்னொட்டை நீக்கினால் முழு ஆங்கிலச் சொல் மிஞ்சுகிறதா? மிஞ்சினால் ஏ, இல்லையென்றால் ஐ. அக்செப்டபிலிட்டி, ப்ரெடிக்டபிலிட்டி, ரீடபிலிட்டி ஆகியவற்றில் முழுச்சொல் மிஞ்சுகிறது, எனவே ஏ. விசிபிலிட்டி, கிரெடிபிலிட்டியில் மிஞ்சவில்லை, எனவே ஐ. நல்ல சோதனைதான், ஆனால் ஓட்டைகள் அதிகம். அக்சசிபிலிட்டி, ஃபிளெக்சிபிலிட்டி, ரிவர்சிபிலிட்டி, டைஜெஸ்டிபிலிட்டி எல்லாவற்றிலும் முழுச்சொல் மிஞ்சியும் ஐதான் வரும். மறுபக்கம் கேப்பபிலிட்டி, ப்ராபபிலிட்டி, டியூரபிலிட்டியில் முழுச்சொல் மிஞ்சாமலே ஏ வருகிறது.

இதைவிட நம்பகமானது இரண்டாவது சோதனை. அதே குடும்பத்தில் 'ஏஷன்' என்று முடியும் சொல் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஏ. ஏஷனின் தொடக்கத்தில் நிற்கும் ஏ எழுத்தும் இந்த ஏ எழுத்தும் ஒன்றேதான், இரண்டுமே அந்த முதல் வகுப்பு வினையின் 'ஆ'. டியூரேஷன் இருக்கிறது, ஆகவே டியூரபிலிட்டி. அப்ளிகேஷன், ஆகவே அப்ளிக்கபிலிட்டி. அடாப்டேஷன், ஆகவே அடாப்டபிலிட்டி. நேவிகேஷன், ஆகவே நேவிகபிலிட்டி. ஏஷன் இல்லாமல் நேராக 'ஷன்' வந்தால் ஐ. டிவிஷன், டிவிசிபிலிட்டி. விஷன், விசிபிலிட்டி. அட்மிஷன், அட்மிசிபிலிட்டி. ரிவர்ஷன், ரிவர்சிபிலிட்டி. முதல் சோதனையில் நழுவிய ரிவர்சிபிலிட்டியும் டைஜெஸ்டிபிலிட்டியும் இதில் பிடிபடுவதைக் கவனியுங்கள்.

இன்டிஸ்பென்சபிள் என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஐ போட்டு எழுதுகிறவர்கள் ஏராளம். காரணம் புரிகிறது. எஸ் எழுத்தில் முடியும் லத்தீன் அடிகளுக்குப் பெரும்பாலும் ஐதான் வருகிறது: ரெஸ்பான்சிபிள், சென்சிபிள், டிஃபென்சிபிள், காம்ப்ரிஹென்சிபிள். அதே வரிசையில் இதையும் கை தானாக எழுதிவிடுகிறது. ஆனால் இதன் குடும்பத்தில் டிஸ்பென்சேஷன் இருக்கிறது. ஏ வந்தே தீரவேண்டும். ரெஸ்பான்சேஷன் என்றோ டிஃபென்சேஷன் என்றோ சொற்கள் இல்லை, ஆகவே அவற்றுக்கு ஐ.

இந்தச் சோதனையும் தோற்கும் இடம் உண்டு. ப்ரெடிக்ஷன் என்று நேராக ஷன் இருந்தும் ப்ரெடிக்டபிலிட்டியில் ஏ. கரெக்டபிள், ப்ரிவென்டபிள் ஆகியவையும் அப்படியே. இவை லத்தீனிலிருந்து முழுசாக வந்த சொற்கள் அல்ல. ஆங்கில வினை கைக்கு வந்தபின் அதோடு ஏபிளை ஒட்டி உண்டாக்கியவை. எனவே இரண்டாவது சோதனையை முதலில் போடுங்கள். ஏஷன் கிடைத்தால் ஏறக்குறைய முடிந்தது; சென்சேஷன் இருந்தும் ஐ பெறும் சென்சிபிள் விதிவிலக்கு. ஷன் மட்டும் கிடைத்து, மிஞ்சுவது அன்றாட ஆங்கில வினையாகவும் இருந்தால் அகராதியைத் திறப்பதே மேல். மனப்பாடம் செய்யவேண்டியவை என்று கடைசியில் எஞ்சுவது கம்பாட்டிபிலிட்டி, எலிஜிபிலிட்டி, இன்எவிட்டபிலிட்டி, வல்னரபிலிட்டி போன்ற ஒரு கைப்பிடிச் சொற்கள்தான்.

ஏ, ஐ குழப்பத்தைவிடவும் விண்ணப்பங்களிலும் தற்குறிப்புகளிலும் அதிகம் கண்ணில் படும் பிழை வேறொன்று: பி எழுத்துக்கும் எல் எழுத்துக்கும் நடுவே வரவேண்டிய ஐ விடுபட்டுப்போவது. ஏபிள் என்ற பெயரடையில் பி-யும் எல்-லும் ஒட்டி நிற்பதால், அதன் வாலில் ஐ-டி-ஒய் என்ற மூன்று எழுத்தை மட்டும் ஒட்டினால் போதும் என்று தோன்றுகிறது. உண்மையில் பி-க்குப் பிறகு ஐந்து எழுத்து வேண்டும்: ஐ-எல்-ஐ-டி-ஒய். பெயரடையிலிருந்து பெயர்ச்சொல்லை ஆங்கிலம் உண்டாக்கவில்லை என்பதுதான் காரணம். பிரெஞ்சு வழியில் வந்த பெயரடையில் 'பிலிஸ்' தேய்ந்து 'ப்ல்' ஆகிவிட்டது. பெயர்ச்சொல்லிலோ 'பிலி' தேயாமல் வந்து சேர்ந்தது. ஒரே தாயின் இரண்டு பிள்ளைகள், ஒருவர் மட்டும் இளைத்தவர். ஏபிலிட்டி என்ற தனிச்சொல்லை முழுதாக எழுதத் தெரிந்தால் ஏ-வகைச் சொற்களின் வால் தானாக வந்துவிடும். ஐ-வகையில் ஐ எழுத்துகளை எண்ணிப் பார்க்கலாம். பாசிபிலிட்டியில் மூன்று, எலிஜிபிலிட்டியிலும் விசிபிலிட்டியிலும் நான்கு நான்கு, டிவிசிபிலிட்டியில் ஐந்து. இன்டிவிசிபிலிட்டியில் 14 எழுத்துகளுக்கு 6 ஐ.

வினையின் கடைசியில் நடக்கும் மாற்றங்கள் பழக்கத்தில் வந்துவிடும் என்பதால் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஊமை ஈ எழுத்து பொதுவாக விழுந்துவிடும்: யூஸ், யூசபிலிட்டி. ஆனால் சி, ஜி எழுத்துகளுக்குப் பின்னால் இருக்கும் ஈயை எடுக்கக்கூடாது. எடுத்தால் சி 'க'வாகவும் ஜி கடின 'க'வாகவும் ஒலிக்கும். ஆகவே மேனேஜபிலிட்டி, சர்வீசபிலிட்டி, சேஞ்சபிலிட்டி மூன்றிலும் ஈ தங்கும். ஐ-வகையில் இந்தத் தொல்லை இல்லை, ஐ எழுத்தே அந்த வேலையைச் செய்துவிடும். மெய்யெழுத்துக்குப் பின் வரும் ஒய் ஐயாக மாறும்: ரிலை, ரிலையபிலிட்டி. சற்று நீண்ட வினைகளின் இறுதியில் வரும் 'ஏட்' முழுதாகக் கழன்றுவிடும்: டாலரேட், டாலரபிலிட்டி. டிரான்ஸ்லேட் போன்ற சிறியவற்றில் கழலாது.

எதிர்மறை முன்னொட்டில் ஒரு வினோதம் உண்டு. அன்ஸ்டேபிள் என்பது சரி, ஆனால் பெயர்ச்சொல் இன்ஸ்டபிலிட்டி. அன்ஏபிள், ஆனால் இன்எபிலிட்டி. பெயர்ச்சொல் லத்தீனிலிருந்து முன்னொட்டோடு வந்துவிட்டது, பெயரடைக்கு மட்டும் உள்ளூர் முன்னொட்டு வாய்த்தது. மற்றபடி அன் உள்ள பெயரடைக்கு அன் உள்ள பெயர்ச்சொல்தான்: அன்ரிலையபிலிட்டி. இர்ரெஸ்பான்சிபிலிட்டியைப் பார்த்து இர்ரிலையபிலிட்டி என்று எழுதிவிடக்கூடாது. முன்னொட்டு ஏமாற்றிய சொல்லும் ஒன்று உண்டு. இன்ஃப்ளேமபிள் என்றால் 'தீப்பற்றக்கூடிய' என்று பொருள். 'இன்ஃப்ளேம்' என்ற வினையிலிருந்து வந்தது. ஆனால் முதல் 'இன்' மறுப்பு என்று எண்ணி 'தீப்பிடிக்காத பொருள்' என்று யாராவது புரிந்துகொண்டால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் அமெரிக்காவில் தீத்தடுப்புத் துறையினர் 1920களிலிருந்து ஃப்ளேமபிள் என்ற சொல்லையே பயன்படுத்த வலியுறுத்தினார்கள்.

எல்லா ஏபிளுக்கும் பிலிட்டி பிறப்பதில்லை. ஃபேஷனபிள், நாலட்ஜபிள் போன்றவை வினையிலிருந்து அல்ல, பெயர்ச்சொல்லிலிருந்து வந்தவை. அங்கே மூலப்பெயரோ 'நெஸ்' ஒட்டோதான் இயல்பு.

யாருடைய திறன்?

இந்தப் பின்னொட்டின் பொருளைத் 'திறன்' என்று எடுத்துக்கொள்வதால் வரும் பிழை எழுத்துப் பிழையைவிடப் பெரியது. பிலிட்டி குறிக்கும் ஆற்றல் பெரும்பாலும் செய்கிறவருடையது அல்ல, செயலுக்கு உட்படும் பொருளுடையது. ரீடபிலிட்டி என்பது ஒரு நூலின் பண்பு: அது படிப்பதற்கு எவ்வளவு எளிதாக இருக்கிறது என்பது. அதை 'வாசிப்புத்திறன்' என்று தமிழாக்கினால் வாசகரின் ஆற்றல் என்றாகி அர்த்தமே தலைகீழாகிவிடும். லேர்னபிலிட்டியைக் 'கற்றல்திறன்' என்பதும் இதே தவறு. மென்பொருளைக் குறித்த சொல் மாணவரைக் குறித்ததாகிவிடுகிறது. பாடநூல்களின் கரைதிறன் மட்டும் தப்பித்தது. தமிழில் உப்பு தானே கரைகிறது, அதனால் திறனும் உப்பினுடையதாகவே நிற்கிறது. உட்புகுதிறன் அப்படியல்ல. பர்மியபிலிட்டி என்பது ஊடகம் தனக்குள் புகவிடும் பண்பு. தமிழ்ச்சொல்லோ புகுந்து போவதன் திறனைச் சொல்கிறது. பழகிவிட்டதால் யாரும் கண்டுகொள்வதில்லை. புதிதாக மொழிபெயர்க்கிறவர்கள் 'எளிமை', 'தகவு', 'தன்மை' ஆகியவற்றில் ஒன்றை எடுத்தால் திசை மாறாது.

'அதைச் செய்யமுடியும்' என்ற செயப்பாட்டுப் பொருளுக்கு அடங்காத சொற்களும் உண்டு. ரிலையபிள் என்ற சொல்லின் மேல் 19ஆம் நூற்றாண்டில் பெரிய வழக்கே நடந்தது. 'ரிலை' என்ற வினைக்குப் பின்னால் 'ஆன்' என்ற இடைச்சொல் வேண்டும், அதை விட்டுவிட்டு ஏபிளை எப்படி ஒட்டலாம் என்று இலக்கணத் தூய்மையாளர்கள் கண்டித்தார்கள். 1877இல் ஃபிட்ஸ்எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்கர் இந்த ஒரு பின்னொட்டுக்காகவே, அதிலும் குறிப்பாக ரிலையபிளுக்காக, தனி நூல் எழுதி எதிர்வாதம் செய்தார். 'லாஃப்' என்ற வினைக்கும் 'அட்' வேண்டும், அதை விட்டுவிட்ட லாஃபபிளை ஏற்கும்போது இதை ஏன் ஏற்கக்கூடாது என்ற கேள்விக்கு எதிர்த்தரப்பிடம் சரியான பதில் இல்லை. ஹால் காசியில் சமஸ்கிருதம் கற்பித்தவர். பிற்காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்கு மேற்கோள்களை அள்ளிக் கொடுத்தவர். ரிலையபிலிட்டி என்ற பெயர்ச்சொல் அதற்கு வெகுமுன்பே, 1816இல் கவிஞர் கோல்ரிட்ஜின் எழுத்தில் வந்துவிட்டது. வழக்கில் வென்றது யார் என்று சொல்லத் தேவையில்லை.

லயபிலிட்டி வேறு ரகம். 'கட்டுவது' என்ற பொருளுள்ள 'லிகாரே' என்ற லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. கட்டுண்ட நிலையையே அது குறிக்கிறது. பேயபிளும் அப்படித்தான்: பில்லில் 30 நாளில் பேயபிள் என்று இருந்தால் அது வாய்ப்பல்ல, கடமை. ப்ராபபிலிட்டியின் பயணம் இன்னும் நீளம். லத்தீனில் 'ப்ரொபாபிலிஸ்' என்றால் ஒப்புக்கொள்ளத்தக்கது, மெச்சத்தக்கது. பெரியவர்கள் ஏற்ற கருத்து எதுவோ அதுவே 'ப்ராபபிள்'. 1654இல் கணித மேதைகள் பாஸ்கலும் ஃபெர்மாவும் சூதாட்டப் பங்கீடு பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டதிலிருந்து, அது மெல்ல மெல்ல 0 முதல் 1 வரையான எண்ணாக மாறியது.

பண்பைக் குறித்த சொல் அளவாக மாறுவது இந்தக் குடும்பத்தில் வழக்கமான நடை. சால்யுபிலிட்டி என்றால் 25 டிகிரி செல்சியஸில் 100 கிராம் நீரில் சுமார் 36 கிராம் சமையல் உப்பு என்று எண்ணில் சொல்லிவிடலாம். பொறியியலில் ரிலையபிலிட்டியும் அவைலபிலிட்டியும் இரண்டு தனித்தனி எண்கள். விற்பனைப் பேச்சில் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார்கள், அங்கேதான் ஏமாறுகிறோம். அவைலபிலிட்டி என்பது மொத்த நேரத்தில் எவ்வளவு நேரம் கருவி ஓடுநிலையில் இருந்தது என்ற விகிதம். பழுதுகளுக்கு இடைப்பட்ட சராசரி நேரத்தை, அதோடு பழுதுநீக்கும் சராசரி நேரமும் கூட்டிய தொகையால் வகுத்தால் அது கிடைக்கும். 1,000 மணிக்கு ஒருமுறை பழுது, சரிசெய்ய 10 மணி என்றால் 1,000ஐ 1,010ஆல் வகுத்து ஏறக்குறைய 99 விழுக்காடு. 99.9 விழுக்காடு என்று உறுதி கொடுத்தாலும் ஆண்டுக்கு 8 மணி 46 நிமிடம் நின்றுபோகலாம் என்றுதான் அர்த்தம். ரிலையபிலிட்டியோ, குறித்த காலம் முழுவதும் ஒருமுறைகூடப் பழுதாகாமல் ஓடுவதற்கான நிகழ்தகவு. ஒரு மணி ஓடிவிட்டு ஒரு நொடி நின்றுபோகும் கருவியின் அவைலபிலிட்டி 99.97 விழுக்காடு. ஆனால் ஐந்து மணி நேர அறுவைச் சிகிச்சைக்கு அதை நம்பி இறங்க முடியாது. இன்னொன்று: பழுதுவீதம் மாறாமல் இருக்கும் கருவிக்குச் சராசரிப் பழுதிடைநேரம் 10,000 மணி என்று போட்டிருந்தால், அது 10,000 மணி பழுதின்றி ஓட வாய்ப்பு பாதிக்குப் பாதிகூட இல்லை, சுமார் 37 விழுக்காடுதான்.

மென்பொருள் உலகம் இந்தப் பின்னொட்டின் இன்றைய தாய்வீடு. மென்பொருள் தரத்துக்கான ஐஎஸ்ஓ/ஐஇசி 25010 நியமம் 2011இல் எட்டுப் பண்புகளைப் பட்டியலிட்டது. அவற்றில் ஆறு பிலிட்டியில் முடிந்தவை. 2023 திருத்தத்தில் யூசபிலிட்டி என்ற பெயர் இன்டராக்ஷன் கேப்பபிலிட்டி என்றும், போர்ட்டபிலிட்டி ஃபிளெக்சிபிலிட்டி என்றும் மாறின. புதிதாகச் சேஃப்டி என்ற பாதுகாப்புப் பண்பு ஒன்று சேர்ந்து மொத்தம் ஒன்பது ஆனது. பிலிட்டிகள் அப்போதும் ஆறுதான். அக்சசிபிலிட்டியை எழுதச் சலித்தவர்கள் முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் வைத்துக்கொண்டு நடுவிலுள்ள 11 எழுத்துகளுக்குப் பதில் 11 என்ற எண்ணையே போட்டு, 'ஏ11ஒய்' என்று சுருக்கிவிட்டார்கள். ஏயா ஐயா என்ற கேள்வியிலிருந்தும் அதில் விடுதலை.

அகராதியில் தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. பல அகராதிகள் பிலிட்டிச் சொல்லுக்குத் தனிப்பதிவு தராமல், பெயரடையின் பதிவுக்கு அடியில் விளக்கமின்றிச் சேர்த்துவிடும். எனவே பெயரடையைத் தேடுங்கள். பிழைதிருத்தியும் ஓரளவுக்குத்தான் உதவும். உயிரெழுத்து மாறினால் சிவப்புக் கோடு போடும். உப்பைப் பற்றிய கட்டுரையில் சால்யுபிலிட்டிக்குப் பதிலாக, கணக்குக்குத் தீர்வு உண்டா என்பதைக் குறிக்கும் சால்வபிலிட்டியை எழுதிவிட்டால், இரண்டும் சரியான சொற்களே என்பதால், பேசாமல் விட்டுவிடும்.